நாவலுக்கு எடிட்டிங் தேவையா, புரூஃப் மட்டும் போதுமா? (வட்டாரப் பேச்சு, பாதி பாமினி எழுத்துரு)

வரப்பு கேட்டது:

வணக்கம். 62,000 சொல் நாவல் ஒன்று எழுதி முடிந்திருக்கிறது. சொந்தப் பதிப்பாக, டெமி என்ற புத்தக அளவில், முதலில் 300 படி போடும் எண்ணம். கதை 1984 முதல் 1991 வரை, கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸைச் சுற்றி நடக்கிறது. உரையாடல் முழுக்க அந்த வட்டாரப் பேச்சு.

இரண்டு பேரிடம் விலை கேட்டாயிற்று. ஒருவர் "பக்கக் கணக்கில் புரூஃப் பார்த்துத் தருகிறேன், அது போதும்" என்கிறார். இன்னொருவர் "எடிட்டிங் செய்யாமல் புரூஃப் பார்த்துப் பயனில்லை" என்று ஏறக்குறைய மூன்று மடங்கு கேட்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? பணம் கொடுப்பதற்கு முன் ஒருவருடைய திறமையை எப்படிச் சோதிப்பது?

இன்னொரு சிக்கல். முதல் எட்டு அத்தியாயம் பழைய கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, மீதி இப்போது எல்லாக் கணினியிலும் ஓடும் யூனிகோடு. இப்படியே கொடுக்கலாமா?

---

மையூற்று:

இருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் மூன்று வேலைகள் உண்டு. மூன்றையும் 'எடிட்டிங்' என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதலாவது, கதையின் கட்டுமானத்தைப் பார்ப்பது. எந்த அத்தியாயம் இழுக்கிறது, எந்தப் பாத்திரம் நடுவில் காணாமல் போகிறது, எந்த இடத்தில் இரண்டு காட்சிகள் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதெல்லாம் இதில் வரும். எழுத்துப் பிழையில் கை வைக்க மாட்டார்கள். சில பக்கக் குறிப்பாகத் தருவார்கள், திருத்தி எழுத வேண்டியது நீங்கள். இரண்டாவது, செப்பனிடுதல். வரி வரியாகப் போய், வாக்கியம், சொல், தகவல், ஒருமைப்பாடு நான்கையும் சரிபார்ப்பது. மூன்றாவது, மெய்ப்புப் பார்ப்பது, அதாவது புரூஃப். பக்கம் கட்டிய பிறகு, அச்சுக்குப் போகும் வடிவத்தில் மிஞ்சிய பிழைகளைப் பிடிப்பது.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. இப்போதே புரூஃப் பார்த்துவிட்டு, பிறகு ஓர் அத்தியாயத்தைத் தூக்கினால் அதற்குக் கொடுத்த பணம் போயிற்று. புதிதாக எழுதிச் சேர்க்கும் பத்து பக்கமோ யார் கண்ணும் படாமல் அச்சேறும். முதல் வேலையை நன்றாக வாசிக்கத் தெரிந்த இரண்டு நண்பர்களே செய்து தரலாம். இரண்டாவதும் மூன்றாவதும் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியவை. முடிந்தால் அந்த இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். செப்பனிட்டவருக்கு வரி மனப்பாடம் ஆகியிருக்கும், விடுபட்ட எழுத்தைக் கண் தானே நிரப்பிக்கொண்டு போய்விடும்.

செப்பனிடுபவர் திறமையானவரா என்று அறிய, அவர் எத்தனை பிழை திருத்தினார் என்று எண்ண வேண்டாம். என்னென்ன கேள்வி கேட்டார் என்று பாருங்கள். உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். 1984இல் ஒரு பாத்திரம் கடித உறையில் 'தூத்துக்குடி மாவட்டம்' என்று எழுதினால் அது பிழை. கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டம். 1986 அக்டோபரில்தான் புது மாவட்டம் பிரிந்தது, அதுவும் சிதம்பரனார் பெயரில். 1997இல் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்த பிறகே தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. ஆகவே உங்கள் கதை நடக்கும் ஏழு ஆண்டில் அந்தப் பெயர் எங்குமே வரக் கூடாது. 1984இல் பத்து வயதுப் பெண் 1991இல் இருபது வயதில் நிற்கிறாளா, இரண்டாம் அத்தியாயத்தில் இறந்த கிழவர் ஒன்பதாம் அத்தியாயக் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஓர் அட்டவணை போட்டுப் பார்ப்பவரே செப்பனிடுபவர்.

அடுத்தது பேச்சு வழக்கு. உங்கள் நாவலில் அதிகம் கெட வாய்ப்புள்ள இடம் இது. பாட்டி "சொல்லுதேன்" என்கிறாள், சென்னையில் படித்த பேரன் "சொல்றேன்" என்கிறான் என்றால் இரண்டும் சரி, வேறுபாடுதான் பாத்திரம். அதே பாட்டி ஒரு பக்கத்தில் "சொல்லுதேன்" என்றும் அடுத்த பக்கத்தில் காரணமில்லாமல் "சொல்றேன்" என்றும் பேசினால் அது பிழை. வட்டாரம் தெரியாதவர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவார். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று வேலைக்குப் போகும் பெண்கள் சொல்வதை 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று மாற்றுவார். 'மருந்து முக்குறது' என்பதை 'மருந்தில் தோய்ப்பது' என்று எழுதுவார். இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் கோவில்பட்டி போய்விடும்.

அதனால் சோதனைக்கு முதல் அத்தியாயத்தைக் கொடுக்காதீர்கள். அது நீங்கள் இருபது தடவை திருத்தியதாக இருக்கும். நடுவிலிருந்து 1,500 சொல் எடுங்கள்: பாதி விவரிப்பு, பாதி உரையாடல், ஓர் ஆண்டோ தேதியோ வரும் இடம். 'டிராக் சேஞ்சஸ்' (மாற்றங்களைக் காட்டும் வசதி) போட்டே திருத்தித் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். ஓரக் குறிப்பில் கேள்வி இருக்கிறதா, உரையாடலில் கை வைத்ததற்குக் காரணம் எழுதியிருக்கிறாரா, உங்கள் வாக்கியம் இன்னும் உங்கள் வாக்கியமாக இருக்கிறதா. மாதிரிக்கும் உரிய கூலி கொடுத்துவிடுங்கள், அது ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு.

கடைசியாக, 'நடைத்தாள்' ஒன்று கேளுங்கள். ஏற்கெனவே/ஏற்கனவே, வாழ்த்துகள்/வாழ்த்துக்கள், கருப்பு/கறுப்பு, எண்கள் எழுத்திலா இலக்கத்திலா, ஒற்றை மேற்கோளா இரட்டையா, ஒவ்வொரு பாத்திரமும் எந்த வினை வடிவத்தில் பேசும் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதியிருப்பார்கள். இதில் பலவற்றில் இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. எதை எடுத்தாலும் புத்தகம் முழுக்க அதுவே வர வேண்டும். சந்தேகத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (2020 பதிப்பு) என்று முதலிலேயே பேசி வைத்தால் பாதி வாதம் குறையும். மெய்ப்புப் பார்ப்பவர் கையிலும் இந்தத் தாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மாற்றியதை மற்றவர் திருப்பி வைப்பார்.

---

ஒற்றைக்கொம்பு:

எழுத்துரு பற்றி மட்டும் சொல்கிறேன். கலவையாகக் கொடுக்கவே வேண்டாம். செப்பனிடுவதற்கு முன் எல்லாமே யூனிகோடாக வேண்டும், அதுவும் எட்டு அத்தியாயத்தைத் தனிக் கோப்பாகப் பிரித்து, அவற்றை மட்டும் மாற்றியில் (பாமினியை யூனிகோடாக்கும் மென்பொருளில்) போட வேண்டும்.

காரணம் இது. பாமினியில் கமா விசையை அடித்தால் 'இ' வரும், அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஏற்கெனவே யூனிகோடில் இருக்கும் பகுதியையும் சேர்த்து மாற்றியில் போட்டால் தமிழ் எழுத்து அப்படியே நிற்கும், கமா எல்லாம் 'இ' ஆகிவிடும். "அவன் வந்தான்இ உட்கார்ந்தான்இ" என்று பல இணையப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வந்ததுதான். இனிஷியலோ கடைப் பெயரோ ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அதுவும் தமிழாகிக் குழம்பும். டி, எச், இ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் 'வாந' என்று நிற்கும். சாய்வெழுத்தும் தடித்த எழுத்தும் பெரும்பாலும் போய்விடும். எங்கெங்கே இருந்தன என்று மாற்றுவதற்கு முன்பே குறித்து வையுங்கள்.

மாற்றிய பிறகு தேடிப் பார்க்க வேண்டியவை:

'இ' எழுத்தை அடுத்து இடைவெளி. தமிழில் உயிரெழுத்து சொல் முதலில்தான் வரும், ஆகவே சொல்லின் கடைசியில் 'இ' நின்றால் அது பழைய கமா.

தனியாக நிற்கும் கொம்பு. பாமினியில் 'கெ' என்பதில் கொம்பை முதலில் அடிப்போம், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். வரி நடுவில் என்டர் விழுந்த இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் மாட்டிக்கொள்ளும். புள்ளி வட்டத்தோடு தெரிந்தால் அதுதான்.

'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரவம்'. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடினால் கிடைக்காது, மின்னூலில் வாசிப்பான் தப்பாக உச்சரிக்கும். 'ஔவை', 'ஔடதம்' என்பவற்றிலும் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக இருக்கும். ஆனால் 'கெள' எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள், 'கெளுத்தி' மீன் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் இலக்கம் ஏழு (௭), 'க' இடத்தில் ஒன்று (௧), 'உ' இடத்தில் இரண்டு (௨). எழுத்துருவைப் பெரிதாக்கினாலும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. தேடல் பெட்டியில் அந்த இலக்கத்தை ஒட்டித்தான் பிடிக்க முடியும்.

இதெல்லாம் முடிந்தாலும் அந்த எட்டு அத்தியாயத்தை மூலத்தோடு ஒப்புநோக்க வேண்டும். பழைய அச்சுப்படியை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் புதிய கோப்பில் பார்த்துக்கொண்டே வருவது. அடுத்தடுத்த இரண்டு பத்திகள் ஒரே சொல்லில் தொடங்கினால் வெட்டி ஒட்டும்போது ஒன்று விடுபடுவது வழக்கம். தனியாகப் புதிய கோப்பை மட்டும் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது, கதை தொடர்ந்து ஓடுகிற மாதிரியே இருக்கும்.

---

வரப்பு:

மிக்க நன்றி. 'இ' விஷயம் அப்படியே இருக்கிறது, இப்போதுதான் தேடினேன். இன்னும் மூன்று கேள்வி. சந்தி எவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும்? ஒருவர் எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டுத் தந்திருக்கிறார், படிக்கக் கரடுமுரடாக இருக்கிறது. மென்பொருளையும் ஏஐயையும் நம்பலாமா? பக்கம் கட்டிய பிறகு எத்தனை தடவை பார்க்க வேண்டும்?

---

மூன்றாம்படி:

சந்தியில் பொருள் மாறும் இடம், விதி உறுதியாக உள்ள இடம், விட்டுக்கொடுக்கக்கூடிய இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'வேலை தேடினான்' என்றால் பிழைப்பு, 'வேலைத் தேடினான்' என்றால் கையிலிருந்த வேல். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. இவற்றில் தவறினால் வாசகர் தடுக்கி விழுவார். 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் வல்லினம் மிகும், இதில் விவாதமே இல்லை. ஊர்ப்பெயர், ஆள்பெயர், பிறமொழிச் சொல் ஆகியவற்றுக்குப் பின் ஒற்றுப் போடுவதா வேண்டாமா என்பதை நடைத்தாளில் எழுதி விட்டுவிடலாம். உரையாடலில் காதுக்குக் கேட்கும்படி எழுதினால் போதும் என்பது என் கருத்து.

கரடுமுரடாக இருக்கிறது என்றால் தேவையில்லாத இடத்தில் ஒற்று விழுந்திருக்கலாம். அதிகம் தவறுவது 'கொண்டு' வரும் இடம். படித்து, கேட்டு, கற்று என்று வல்லின ஒற்றை அடுத்து முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகும்: படித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, கற்றுக்கொண்டு. ஓடி, எழுதி என்று இகரத்தில் முடிந்தாலும் மிகும். வந்து, செய்து, நின்று, அழுது என்பவற்றுக்குப் பின் மிகாது: வந்துகொண்டு, செய்துகொண்டு. ஆகவே கோப்பில் 'ந்துக்கொ', 'ய்துக்கொ', 'ன்றுக்கொ' என்று தேடுங்கள், கிடைப்பவற்றில் க் எடுக்க வேண்டியதுதான். 'த்துகொ', 'ட்டுகொ', 'ற்றுகொ' என்று தேடினால் க் விடுபட்ட இடம் வரும். இடைவெளி விட்டும் ஒருமுறை தேடுங்கள்.

இன்னொரு தேடல்: 'ற்ச்', 'ற்ப்', 'ற்க்', 'ட்ச்'. டகர, றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராது. முயற்ச்சி, கற்ப்பனை, காட்ச்சி எல்லாம் இந்த வலையில் விழும். 'சுவற்றில்' என்று தேடி 'சுவரில்' ஆக்குங்கள்.

பிரித்தும் சேர்த்தும் எழுதுவது சந்தியைவிட முக்கியம் என்று சொல்வேன். 'கொடுத்துவிட்டான்' என்றால் கொடுத்து முடித்தான். 'கொடுத்து விட்டான்' என்றால் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். துணைவினையைச் சேர்த்தே எழுதுவது என்று முடிவெடுத்தால் நாவல் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். 'அவன்தான்' என்பதில் 'தான்' ஒட்டியே வரும்.

மென்பொருளில் எழுத்துப் பிழைக்கு 'வாணி', சந்திக்கு 'நாவி' இரண்டும் உதவும். கோப்பைக் கொடுப்பதற்கு முன் ஓட்டிவிட்டால் செப்பனிடுபவர் நேரம் அற்பப் பிழையில் போகாது. அவை சுட்டும் இடத்தை மட்டும் பாருங்கள், 'எல்லாம் மாற்று' அழுத்தாதீர்கள், வட்டார வடிவங்கள் எல்லாவற்றையும் பிழை என்றே காட்டும். 'கரை' என்று எழுத வேண்டியதை 'கறை' என்று எழுதியிருந்தால் எந்த அகராதி மென்பொருளுக்கும் உறுத்தாது, இரண்டும் சொல்தானே. ஏஐயிடம் "திருத்திக் கொடு" என்று முழு அத்தியாயத்தையும் தரவே கூடாது. கேட்காமலே வாக்கியத்தை மாற்றி எழுதும், "சொல்லுதேன்" எல்லாம் பொதுத்தமிழ் ஆகும், எங்கே மாற்றியது என்றும் தெரியாது. "பிழை என்று நினைப்பவற்றைப் பட்டியலிடு, எதையும் மாற்றாதே" என்று கேட்டால், வரும் பட்டியலை நீங்கள் சரிபார்க்கலாம்.

பக்கம் கட்டிய பிறகு குறைந்தது இரண்டு முறை. முதல் மெய்ப்பைத் தாளில் எடுத்துப் படியுங்கள், திரையில் வேண்டாம். நிதானமாகப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய பத்துப் பக்கம்தான் போகும். உங்கள் நாவல் 280 பக்கம் வரும் என்று வைத்தால் 28 மணி நேரம், நாளுக்கு ஐந்து மணி என்றால் ஆறு நாள். நாளைக்கே தருகிறேன் என்பவர் புரட்டத்தான் போகிறார்.

அப்போது பிழையோடு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது, இரு பக்கமும் சீராக நிறுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். சொல்லை உடைக்கலாம், ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. 'பார்த்|தான்' சரி, 'பார்|த்தான்' தவறு. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத் தலையில் தனியாக நிற்கிறதா, உரையாடலின் மூடும் மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கிறதா, அத்தியாயத் தலைப்பும் பொருளடக்கமும் பக்க எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடுத் தமிழ் என்றால் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

இரண்டாம் மெய்ப்பில் திருத்திய வரியை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு சொல் கூடினால் பத்தி முழுக்க வரி மாறும், பக்கக் கடைசியும் மாறும். திருத்திய இடத்திலிருந்து பத்தி முடிவு வரையும், அந்த அத்தியாயத்தின் எல்லாப் பக்கங்களின் முதல் வரி, கடைசி வரியும் பாருங்கள்.

---

மையூற்று:

கூலி பற்றி ஒரு வார்த்தை. பக்கக் கணக்கு வேண்டாம், சொல் கணக்கில் பேசுங்கள். ஏ4 தாளில் 12 புள்ளியில் அடித்த பக்கமும் டெமி பக்கமும் ஒன்றல்ல, பிறகு மனக்கசப்பு வரும். முன்பணம் ஒரு பகுதி, பாதி அத்தியாயம் வந்ததும் ஒரு பகுதி, முடிவில் மீதி. எத்தனை சுற்று, கேள்விகளுக்கு நீங்கள் எத்தனை நாளில் பதில் தர வேண்டும், மெய்ப்புக் கட்டத்தில் நீங்கள் புதிதாக எழுதிச் சேர்த்தால் அதற்குத் தனிக் கூலியா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். திருத்தத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை, அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். மறுப்பதைக் காரணத்தோடு ஓரத்தில் குறித்தால் அடுத்த அத்தியாயத்தில் அவர் அதைத் தொடமாட்டார்.

நாவலில் வானொலியில் சினிமாப் பாட்டு ஒலிக்கிற காட்சி இருக்கிறதா? பாடல் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இந்தியாவில் எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாட்டின் பெயரையோ மெட்டையோ சொல்லிவிட்டுப் போவது எளிது. பாரதி பாடலுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் நினைவிலிருந்து எழுதாமல் நல்ல பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளில்தான் பாட்டைத் தெரிந்த வாசகர் முதலில் தவறு கண்டுபிடிப்பார்.

---

வரப்பு:

இரண்டு பாட்டு இருக்கிறது, வரிகளை எடுத்துவிடுகிறேன். பக்கக் கணக்கு 278 வரும் என்கிறார்கள். அச்சகத்தில் 16இன் மடங்காகக் கேட்கிறார்கள். புரூஃப் பார்ப்பவரிடம் குறைக்கச் சொல்லலாமா?

---

மூன்றாம்படி:

அவர் வேலை அல்ல அது. 278 என்றால் அடுத்த மடங்கு 288, பத்துப் பக்கம் காலி. அரை ஃபாரம் (8 பக்கம்) ஏற்பார்களா என்று முதலில் அச்சகத்தில் கேளுங்கள். ஏற்றால் 280இல் முடியும், இரண்டு பக்கம்தான் மிச்சம். ஏற்காவிட்டால் 272க்குள் கொண்டுவர ஆறு பக்கம் குறைய வேண்டும். அதைப் பக்கம் கட்டுபவரால் முடியும்: ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒரே சொல் நிற்கிற இடங்களை இறுக்கினாலே வரி வரியாகக் குறையும். பக்கத்துக்கு ஒரு வரி கூட்டியும் பார்க்கலாம். எழுத்தளவைக் குறைக்க வேண்டாம், படிப்பவர் கண்ணுக்குப் பாரம். இது முதல் மெய்ப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு செய்தால் பார்த்த பக்கம் எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டிவரும்.

அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் உரிமைப் பக்கத்து ஐஎஸ்பிஎன்னும் (புத்தகத்தின் 13 இலக்க அடையாள எண்) பின்னட்டைப் பட்டைக்குறி எண்ணும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். முதல் 12 இலக்கத்தை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, பதின்மூன்றாவதையும் சேர்த்தால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது.